கப்பலுக்குப் போகாத தேயிலை

தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷம். குன்னூருக்குப் பக்கத்தில் புதிதாக வந்த பூங்காவில் ரோலர் கோஸ்டருக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். நின்ற இடத்திலிருந்து பெட்டிகள் அம்பாய்ப் பாயும். பனிக்குள் செங்குத்தாக ஏறும். ஒரு மூச்சு தொங்கிவிட்டு, வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பும். ஆட்களை ஏற்றுமுன் ஆள் எடையில் இருக்கைக்கு ஒரு மூட்டை கட்டி ஓட்டிப் பார்த்தோம்.

அங்கே கூட்டிப் பெருக்க வந்த அம்மா, முன்பு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. எந்தச் செடியைக் கண்டாலும் நுனியைக் கிள்ளிவிடுவார், பூங்காவின் குரோட்டன்ஸைக்கூட. "கை கேக்க மாட்டேங்குது தம்பி" என்பார்.

மூன்றாவது ஓட்டத்தில் ஒரு மூட்டை கிழிந்து கறுப்பாகக் கொட்டியது. அள்ளி முகர்ந்தவர், சாக்கின் முத்திரையைத் தடவினார்.

"எங்க எஸ்டேட் தூளு."

"மணலை விட இது சல்லிசுங்கம்மா. உங்க தொரையே லாரியில அனுப்பிட்டாருங்க" என்றேன் விளையாட்டாக.

"கப்பல் காத்துக்கிட்டிருக்கு, பறிச்சே ஆகணும்னாரே அன்னைக்கு. மக பிரசவத்துக்குக்கூட லீவு குடுக்கல. அந்தக் கோவத்துல அவ இன்னும் எங்கூடப் பேசுறதில்ல."

கையிலிருந்த தூளை உதறிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

"ஓட்டுங்க தம்பி. எவ்வளவு தூரம் போவுதுன்னு பாப்போம்."

மூட்டைகள் பாய்ந்தன, ஏறின, திரும்பி வந்தன. கொட்டிய தூளை ஒரு துகள் விடாமல் கூட்டிக் குப்பையில் போட்டார். வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொல்லலாமென்று நினைத்தேன். சொல்லாமல் ஒயரிங் வேலைக்குத் திரும்பினேன்.