அன்செல்மின் நேர்சால்

பிரான்ஸின் பிக்கார்டி பகுதியில் அன்செல்மைப் போல நேராக உழ ஆள் கிடையாது. ஜெர்மானியரோடு போர் மூண்டதும் பட்டாளத்துக்குப் போனவன், பதுங்குகுழியையும் ஏர்ச்சால் போல நேராகவே வெட்டினான். கார்ப்பரல் கெவால் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், எதிரி ஒரு முனைல நின்னு சுட்டா மறுமுனை வரைக்கும் அத்தனை பேரும் காலி. கோணலா வெட்டுய்யா!"

"எங்கயோ ஒரு இளவரசனைச் சுட்டாங்களாம். நீ அவன் பக்கம், நான் இவன் பக்கம்னு எல்லா ராஜ்ஜியமும் கிளம்பிடுச்சு. அதுக்கு நான் கோணலா வெட்டணுமா?" என்று முனகிக்கொண்டே வெட்டினான். சேற்றிலும் எலிகளுக்கு நடுவிலும் அந்தக் கோணல்தான் அவன் உயிரைக் காத்தது. கெவாலைக் காக்கவில்லை.

போர் முடிந்து ஊர் திரும்பினால், அவன் வயலுக்குக் குறுக்கேயும் கோணல் கோணலாகப் பதுங்குகுழி.

"அரசாங்கமே கைகழுவின நிலம். விட்டுத் தொலைங்க" என்றாள் மனைவி ஸெலி.

"விட்டா சண்டைக்காரங்க போட்ட கோணல் கோடுதான்டி நிக்கும்."

வெடிக்காத குண்டுகளைப் பொறுக்கி ஓரங்கட்டினான். குழியை மூடினான், அதில் கிடைத்த எலும்புகளை அங்கேயே புதைத்தான். பிறகு குதிரையைப் பூட்டி, வீம்பாக நேரே உழுதான். எலும்புகளைப் புதைத்த இடம் வந்ததும் ஏரை ஒதுக்கி, வளைத்து ஓட்டினான்.

"என்னங்க, சால் கோணிடுச்சே?"

"கோணட்டும். அங்க ஆள் இருக்கு."