காலி இல்ல, ஒதுங்கறது

திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய அந்தச் சந்தில் சிலுவையம்மாளை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் சிலுவக்கா. முதுகுக்குப் பின்னால் சிஐடி சிலுவை. கருவாட்டுக் கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவள், வாங்க வருகிறவர்களையே மேலும் கீழும் பார்ப்பாள். யாராவது ஓசியில் எதையாவது நீட்டினால் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பாள், அப்புறம் முகத்தை, கடைசியில்தான் பொருளை. சிலிண்டர் போடுகிறவனிடம்கூட, "போன தபா வந்தவன் எங்க?" என்று கேட்ட பிறகே கதவைத் திறப்பாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் வருஷா வருஷம் ஒரு எட்டு முன்னால் வைத்து, சொல்லிவிட்டுத்தான் வந்தது. வாழப்போன வீடுதான் மனதில் ஆறவில்லை. கணவர் மேத்யூ துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு புயலுக்கு முன்னால், "ரெண்டு நாளைக்குக் காலி பண்ணுங்க" என்று மைக்கில் சொன்னார்கள். பாத்திரம் பண்டங்களை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுத்தார்கள். புயல் ஆந்திராப் பக்கம் திரும்பிவிட்டது. இவர்கள் திரும்பி வந்தபோது அந்த வரிசையில் வீடுகள் இல்லை. மண்ணைச் சமன் செய்துகொண்டு ஒரு மஞ்சள் எந்திரம் நின்றிருந்தது. ரோடு அகலமாகிறதாம். "நீங்கதான் காலி பண்ட்டீங்களே" என்றான் ஒருவன், கையில் டீ கிளாஸோடு. மேத்யூ அதற்குப் பிறகு மூட்டை தூக்கப் போகவில்லை. கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது இருப்பது மூன்றாவது வீடு. ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இதையும் விட்டால் ஊரின் மறுகோடியில் எங்கேயாவது மாடி வீடு என்று சொல்லித் தூக்கிப் போடுவார்கள். அங்கே கடல் எங்கே, கருவாடு எங்கே?

அதனால்தான் ஐப்பசியில் சந்துச் சுவர்களில் நீல அம்புகள் முளைத்தபோது அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். அம்புக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆள் படம் வேறு.

"புயல் வந்தா எந்தப் பக்கம் போவணும்னு வரைஞ்சிக்கீறாங்க சிலுவக்கா" என்றாள் பக்கத்து வீட்டு ரமாபாய்.

"நாம பொறந்து வளந்த எடத்துல நமக்கே வழி காட்றானா? அம்பு நமக்கில்ல ரமா, புல்டோசருக்கு. இந்தப் பக்கமா வா நைனான்னு."

"உனுக்கு எல்லாத்துலயும் ஒரு பேஜாரு."

மறுநாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வியாபாரத்துக்குப் போகிற மாதிரி, சிலுவையம்மாள் அம்புகளின் பின்னாலேயே போனாள். ஐஸ் கடை தாண்டி, ரேஷன் கடை தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டன. அங்கே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அடுத்த அம்பு ஒரு லாரியின் சக்கரத்தைக் காட்டியது. "நல்லா காட்னடா வழி" என்று முனகிக்கொண்டே லாரிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தாள். கடைசி அம்பு ஒரு பச்சைக் கேட்டில் முடிந்தது. பாதுகாப்பு மையம் என்று போர்டு. கேட்டில் பூட்டு.

எதிர் டீக்கடையில் காவலாளி கமாலுதீன் உட்கார்ந்திருந்தார்.

"பாய், இத்த யாரு தொறப்பாங்க?"

"நான்தான். சாவி எங்கைல கீது."

"நீ ஊருக்குப் போய்ட்டா?"

"எனுக்கு ஊரே ராயபுரந்தாம்மா. எங்க போறது?"

"தூங்கிட்டா?"

பாய் சிரித்தார். "இன்னாம்மா, கருவாடு விக்க வந்தியா, கேஸு எழுத வந்தியா?"

"உள்ள பாக்கணும்."

திறந்துவிட்டார். பெரிய கூடம். மூலையில் வாடிய பூமாலையும் எச்சில் இலைக்கட்டும் கிடந்தன. அவள் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"இது இன்னா கலீஜு?"

"சொம்மாதானே கெடக்குதுன்னு ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் குட்த்தாங்க."

குழாயைத் திறந்தாள், தண்ணீர் வந்தது. கக்கூஸ் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிறகு வாசல் கதவுக்கு வந்து நின்றுவிட்டாள்.

"வெளிப்பக்கம் தாப்பா எதுக்கு பாய்?"

"கதவுன்னா ரெண்டு பக்கமும் தாப்பா இருக்கும்மா."

"நாங்க உள்ள இருக்கசொல்ல இத்த வெளிய போட்டுகினு, அங்க வூட்ட இடிக்கிறதுக்கா?"

அந்தத் தாழ்ப்பாளை முதல்முறை பார்ப்பவர்போல பாயும் பார்த்தார். "கயட்டி வெச்சிடறேன், போ" என்றார். அவள் நம்பவில்லை. ஆனாலும் ஒரு கை நெத்திலிக் கருவாட்டை அவர் துண்டில் கொட்டிவிட்டுப் போனாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையிலிருந்தே காற்று கடலுக்கும் சந்துக்கும் இடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நுழைந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்து காதைக் கொடுத்தார்கள். "தாழ்வான பகுதியில் வசிக்கும் பொதுமக்கள் உடனடியாக வீடுகளைக் காலி செய்து..."

அவ்வளவுதான். வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன. தாழ்ப்பாள்கள் விழும் சத்தம் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது.

ஆட்டோவிலிருந்து மழைக்கோட்டோடு இறங்கியவர் சங்கரநாராயணன். வார்டுக்குப் புதிதாக வந்த அதிகாரி. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். சிலுவையம்மாள் மட்டும் ஒரு பாதியைத் திறந்தாள்.

"மதியத்துக்குள்ள கடல் ஏறிடும்மா. காலி பண்ணியே ஆகணும்."

"சார், நீங்க சொல்றது காலியா, ஒதுங்கறதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"மழைக்கு மாடு ஒதுங்குது சார். மழை வுட்டா தன் எடத்துக்கு வந்து நிக்கிது. காலின்னா மாட்டையே காணோம்."

"சரி, ஒதுங்குங்க. போதுமா?"

"எங்காதுல சொன்னா ஆச்சா? மைக்ல சொல்லு."

"அது மேலருந்து வந்த வாசகம்மா. நான் மாத்த முடியாது."

"மேல கீறவன் வூடா இது?"

அந்த நேரம் கரையில் கொட்டியிருந்த பாறைகளில் ஒரு அலை மோதியது. உப்புத் தண்ணீர் கூரைகளைத் தாண்டி வந்து சங்கரநாராயணனின் கண்ணாடியை நனைத்தது. அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராக ஆட்டோவுக்குப் போய் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும்... ஒதுங்குங்க. புயல் போனதும் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பி வந்துடலாம். யாரும் காலி பண்ண வேண்டாம்."

தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விலகின. மூட்டைகளோடு சனம் வெளியே வந்தது. ஒரு வீட்டு வாசலிலும் செருப்பு நகரவில்லை. அத்தனை பேரும் வெறுங்காலில் மழைத் தண்ணீரில் நின்றார்கள்.

"செருப்பு போட்டுக்கலையா?" என்றார் சங்கரநாராயணன்.

"கெடக்கட்டும் சார். வூட்டுக்கு ஆள் கீதுன்னு தெரியணும்ல" என்றாள் ரமாபாய்.

அவர் மைக்கை ஆட்டோவில் வைத்தார். முன்னால் ஓடிப்போய், நெடுஞ்சாலையில் லாரிகளின் கதவைத் தட்டி, சத்தம் போட்டு, ஒரு ஆள் அகலத்துக்கு வழி வாங்கிக் கொடுத்தார். பச்சைக் கேட் திறந்திருந்தது. கூடத்துக் கதவில் வெளித் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சிலுவையம்மாள் ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை வைத்துப் பார்த்தாள். அப்படியும் கதவைப் பார்த்த மாதிரிதான் உட்கார்ந்தாள். போட்ட சோற்றையும் கதவைப் பார்த்துக்கொண்டேதான் தின்றாள்.

விடிந்ததும் காற்று அடங்கியிருந்தது. எல்லாருக்கும் முன்னால், கிட்டத்தட்ட ஓடினாள். சந்து இருந்தது. வீடுகள் இருந்தன. அவள் வீட்டுக் கதவும் பூட்டும் போட்டது போட்டபடி இருந்தன. "சேசுவே" என்று திறந்தாள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்தது. கூரையில் பாதியைக் காணோம். சோற்றுப் பானை நிறைய மழைத் தண்ணீர்; அதில் மேகம் ஓடியது.

அவள் அழ ஆரம்பிப்பதற்குள் வெளியே குரல் கேட்டது. நேற்றுப் போட்ட அதே சட்டையோடு சங்கரநாராயணன். "யார் வீட்டுக்கு சேதம்னாலும் சொல்லுங்க. நிவாரணத்துக்கு எழுதணும்."

சிலுவையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வூட்ல ஒண்ணியும் ஆவல சார்."

"கூரை?"

"ஜோரா கீது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உடைந்த ஷீட்டின் முனை சந்திலிருந்தே தெரிந்தது. "எழுதினா உங்களுக்குத்தாம்மா நல்லது. இடிக்கல்லாம் மாட்டாங்க."

"மொதல்ல கூரை ஒடஞ்சிச்சின்னு எழுதுவீங்க. அப்பால இந்த வூடு மனுசன் இருக்க லாயக்கில்லன்னு எழுதுவீங்க."

சங்கரநாராயணன் எதுவும் எழுதாமல் நோட்டை மூடினார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

மறுபடி தூறல் பிடித்தது. அவர் முதுகு திருப்பத்தில் மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, சிலுவையம்மாள் பக்கத்துச் சுவரை மெல்லத் தட்டினாள்.

"ரமா, உங்க வூட்ல தார்ப்பாய் கீதா? சத்தம் போடாம எட்த்துகினு வா."