எந்த ஊர் மணி

தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் அப்படிப்பட்டவனை இன்றும் சொல்தா என்பார்கள். லீவில் கருவடிக்குப்பம் வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் வகுப்பு எடுப்பான். ஒருமுறை சாப்பாட்டுக்கு நடுவில், பட்டாளத்தில் நேரம் எழுதும் முறையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆறு மணின்னு எழுதினா காலையிலயா சாயங்காலமான்னு ஒருத்தன் திருப்பிக் கேப்பான். சண்டையில கேக்க நேரம் ஏது? அதான் முதல்ல தேதி, அப்புறம் நாலு இலக்கத்துல மணி, கடைசியா ஒரு எழுத்து. அந்த எழுத்துதான் எந்த ஊர் மணின்னு சொல்லும். இசட்னு போட்டா உலகத்துக்கே பொதுவான மணி. அது இல்லன்னா ஆளே செத்துடுவாங்கக்கா."

பூசையில் பிரசங்கம் கேட்பவர்போல அப்பா வாயைப் பிளந்து கேட்டார். நான் குழம்பு ஊற்றியதுகூட அவர் கண்ணில் படவில்லை. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் ஓட்டியவர், வாய் ஓயாத மனிதர். அதற்கப்புறம் டீக்கடையில் அவர் பேச்சு இதுதான்.

அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அழவில்லை. பிள்ளையோடு ஒரு தடவை பேசிவிட்டு உள்ளே போகிறேன் என்றார். தம்பி பிரான்ஸில் ஏதோ பயிற்சி முகாமில் இருந்தான். மெசேஜ் போகும், நாங்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்காது, அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. நாளை மூன்று மணிக்கு ஆபரேஷன், அதற்குமுன் பேசு என்று மெசேஜ் போட்டேன். '14.00க்குப் பேசறேன்' என்று பதில் வந்தது. எழுத்தைக் காணோம்.

"எந்த ஊர் மணின்னு கேட்டுடட்டாப்பா?"

"சொல்தாகிட்டயே மணி கேப்பியா? போம்மா," என்று சீறினார்.

மறுநாள் காலையிலிருந்து அவர் யாரிடமும் பேசவில்லை. குரலைச் சேர்த்து வைக்கிறாராம். இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டரை ஆயிற்று. ஸ்ட்ரெச்சர் வந்ததும் போனை என்னிடம் நீட்டினார்.

"வேலையா இருப்பான்," என்றார். அவர் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அதுவும் அவனுக்கு வக்காலத்து.

மாலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. அங்கே அப்போதுதான் இரண்டு.

"நீ எந்த ஊர் மூணு மணின்னு போடலியேக்கா," என்றான். புதுச்சேரியில் அறுக்கிற தொண்டைக்குப் பிரான்ஸ் மணியாடா பார்ப்பார்கள் என்று கத்தினேன். இன்றுவரை நான் அவனை மன்னிக்கவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறான். முதல் நாளே தேதி, மணி, எழுத்து எல்லாம் சரியாகப் போட்டு மெசேஜ் வந்துவிடும். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு முன்கூட்டியே உட்கார்ந்துவிடுவார். அவன் பேசப் பேசத் தலையை ஆட்டுவார். அன்றைக்கு அவனிடம் என்னதான் சொல்ல இருந்தீர்கள், எழுதியாவது காட்டுங்கள் என்று ஒருநாள் பேனாவைக் கொடுத்தேன். மூடியைக்கூடக் கழற்றாமல் என் பக்கமே தள்ளிவிட்டார்.