பெற்றோர் கூட்டத்துக்கு வந்த வாத்துகள்

பாகூர் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் இருநூறு வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்தேன். வாத்து முதலாளியுடையது, சேறு என்னுடையது. மகள் அங்கேயே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். விடியற்காலையில் வாத்துகள் பட்டியில் முட்டை விடும். அவை மிதித்து உடைப்பதற்குள், நான் வாத்துகளை ஒதுக்க ஒதுக்க, மகள்தான் பொறுக்கவேண்டும்; அவள் அம்மா இருட்டோடு கரும்பு வெட்டப் போய்விடுவாள். அதனால் பள்ளிக்குத் தினமும் லேட். டீச்சர் வெளியே நிற்க வைப்பார்.

நானும் ஆறாம் வகுப்பில் அப்படி வெளியே நின்றவன்தான். நின்றது போதும் என்று நடக்க ஆரம்பித்தேன். இன்னும் நடக்கிறேன்.

ஒருநாள் மகள் சொன்னாள்: "நாளைக்கு பேரண்ட்ஸ் மீட்டிங். நீ வரலன்னா நான் இனிமே ஸ்கூலுக்கே போவல."

"வாத்த யாருடி பாத்துக்குவா?"

"அதுங்களயும் ஓட்டிகினு வா!"

அவள் கோபத்தில் சொன்னாள். நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். வாத்து ஒன்று தொலைந்தால் முதலாளி கேட்பார். பிள்ளை பள்ளியை விட்டால் என்னைக் கேட்க ஆள் இல்லை.

மறுநாள் இருநூறும் பள்ளி கேட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அப்பாவத்தானே கூட்டிட்டு வரச் சொன்னேன்!"

"அப்பாதான் டீச்சர் வந்துக்கிறாரு. இதுங்க சும்மா கூட வந்துதுங்க" என்றாள் மகள்.

பாதி வாத்துகள் குழாயடிச் சேற்றுக்குப் போயின. மீதி வகுப்புக்குள் போய், பெற்றோருக்கு வைத்திருந்த மிக்சரைத் தின்றன. தலைமையாசிரியர் குடையை விரித்து விரட்ட, அவருடைய அறைக்குள்ளேயே புகுந்தன. கூட்டத்துக்கு வந்து, காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்ட ஒரு கரும்பு விவசாயி கேட்டார்: "இன்னாபா, இதுங்கள எந்த கிளாஸ்ல சேக்கப் போற?"

"இன்னும் வயசு பத்தலண்ணே" என்றேன்.

டீச்சர் லேட்டுக்குக் காரணம் கேட்டார். முட்டை விஷயத்தைச் சொன்னேன். அவர் மகளிடம் திரும்பினார்.

"நீ ஏம்மா சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலியே டீச்சர். வெளிய நில்லுன்னுதான் சொன்னீங்க."

டீச்சர் கீழே பார்த்தார். ஒரு வாத்து அவருடைய செருப்பு வாரைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அடுத்த மீட்டிங்குக்கு நீங்க வராதீங்க" என்றார் என்னிடம். "நானே வரேன்."

விரட்டத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கள்கிழமை விடிவதற்குள் வரப்போரம் ஸ்கூட்டி வந்து நின்றது. கையில் செருப்போடு டீச்சர் பட்டிக்குள் இறங்கினார். மகள் அவரிடம் கூடையைக் கொடுத்தாள்.

"அங்க கால் வெக்காதீங்க டீச்சர், முட்ட!"

வைத்துவிட்டார். அடுத்த முட்டைக்குத் தாவி, சேற்றில் உட்கார்ந்தும்விட்டார். போர் செட்டில் புடவையை அலசிக்கொண்டு இருவரும் ஸ்கூட்டியில் கிளம்பும்போதே மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

வகுப்பே கத்தியதாம்: "டீச்சரும் லேட்டு! டீச்சரும் வெளிய நிக்கணும்!" இருவரும் ஐந்து நிமிடம் வெளியே நின்றிருக்கிறார்கள்.

"டீச்சருக்கு நிக்கவே தெர்லப்பா" என்றாள் மகள் சாயங்காலம். "செவுத்துல சாஞ்சிகினே நிக்கிறாங்க."

மறுநாளும் அவள் லேட்டாகத்தான் போனாள். நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள்.