மகளின் கேள்வியை அடக்கி வாங்கிய மடிக்கணினி

கட்டடக்கலை படிக்கும் மகளுக்கு மடிக்கணினி வாங்க, திருகோணமலை நகரில் எனக்குப் பழக்கமான ஒருவரின் கடைக்குப் போனோம். விலை கூடிய ஒன்றைத் திறந்து காட்டினார். திரையில் தெரிந்த மீனின் செதிலை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. நான் மயங்கிவிட்டேன்.

"அங்கிள், முப்பரிமாணப் படம் வரைய இதில கிராபிக்ஸ் கார்ட் தனியா இருக்கோ?" என்று மகள் கேட்டாள்.

"உள்ளுக்கே இருக்கு பிள்ளை. இந்த விலைச் சாமானில குறை இருக்குமோ?"

அவள் மறுபடி வாயெடுத்தாள். "சும்மா இரு பிள்ளை, அவருக்குத் தெரியாததோ?" என்று அடக்கியவன் நான்தான்.

படம் பார்க்கவும் எழுதவும் அது நன்றாகத்தான் இருந்தது. சிறிய வரைபடங்களுக்கும் ஈடுகொடுத்தது. ஆனால் இறுதித் தேர்வில், தான் வடிவமைத்த முழுக் கட்டடத்தையும் முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டியபோது, ஆசிரியர்கள் முன்னால் திரை அசையாமல் நின்றுவிட்டது. அவ்வளவு நுணுக்கமான திரையில் அந்த வேலையைத் தாங்க, தனிக் கார்ட் இல்லாமல் உள்ளேயே சேர்ந்திருந்த கிராபிக்ஸுக்குச் சக்தியில்லை. திரையின் தெளிவைக் குறைத்து மறுபடி தொடங்குவதற்குள் நேரம் முடிந்தது. அவளுக்கு ஒரு வருடம் போயிற்று.

கடைக்காரரிடம் கொதித்துப்போய் நின்றேன். "பிள்ளை கேக்கேக்க நீங்கள்தானே அண்ணை வாயை அடைச்சனீங்கள்" என்றார்.

இப்போது எதை வாங்கப் போனாலும் அவள் கேட்கட்டும் என்று நான் பேசாமல் நிற்கிறேன். அவள் எதுவும் கேட்பதில்லை.