ராகிப்பும் குவைத் டப்பாவும்

ஸகாஸிக் ஊர் மாவு ஆலையில் மூட்டை சுமப்பவன் ராகிப். தினக்கூலி. சாயங்காலம் ஆலையின் விளையாட்டு மன்றத்தில் பளு தூக்குவான். நான் அங்கே இரும்புத் தட்டு மாட்டுகிறவன். அவனைப் போன்ற பலசாலியையும் பார்த்ததில்லை, அவனைப் போன்ற வயிற்றெரிச்சல்காரனையும் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆலையில் பளு தூக்குகிறவன் ஒருவனுக்கு நிரந்தர வேலை கொடுப்பதாக இருந்தார்கள். மாகாணப் போட்டியில் ராகிப், மன்றத்தில் அவனோடு பளு தூக்கும் ஷவ்கி, இந்த இருவரில் எவன் மேலே வருகிறானோ அவனுக்கு. ஸ்நாட்ச் என்று ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவதில் ஷவ்கி கொஞ்சம் கெட்டி. தோளில் வாங்கி ஏற்றுவதில் ராகிப் பக்கத்தில் அவன் நிற்க முடியாது. இரண்டையும் கூட்டினால் ராகிப்தான். மூன்று பெண் குழந்தைகளைப் பெற்றவன், வேலை அவனுக்கே என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

அப்போதுதான் ஷவ்கியின் அண்ணன் குவைத்திலிருந்து, உடம்புவலி தீர்க்குமாம், அமினோ அமிலப் பொடி ஒரு டப்பா அனுப்பினான். பயிற்சி முடிந்ததும் ஷவ்கி அதைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கிக் குடிப்பான். தர்பூசணி வாசம் கூடம் முழுக்க அடிக்கும். மறுநாள் ராகிப் தொடையைப் பிடித்துக்கொண்டு படியேறுவான். ஷவ்கி துள்ளிக்கொண்டு வருவான். ஷவ்கிக்கு வயது இருபத்திரண்டு, மூட்டை சுமக்கிற வேலையும் கிடையாது. இதெல்லாம் ராகிப் கண்ணில் படவில்லை. டப்பாதான் பட்டது.

ஷவ்கியின் அம்மா கண்திருஷ்டிக்காக அதில் ஒரு நீலமணியைக் கட்டிவிட்டாள்.

“யாருக்குடா இந்த மணி? எனக்கா?” என்றான் ராகிப்.

“ஐயோ அண்ணே, அம்மா கோழிக்கூண்டுலகூடக் கட்டியிருக்கா.”

“அப்ப நான் கோழித் திருடனா?”

பயிற்சி தரும் கேப்டன் ஹிஷ்மத் சொல்லிப் பார்த்தார். “டேய், அது ஒத்தாசைக்குத்தான்டா. முட்டையிலயும் மொச்சையிலயும் இருக்கிறதுதான் அதுலயும் இருக்கு. நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கு. வலி தானா விடும்.”

“பொறந்ததுலேர்ந்து மொச்சைதான் கேப்டன் திங்கிறேன். எனக்குக் குவைத்துல யாரு இருக்கா?”

அவன் மனைவி இன்ஷிராஹ் என் வீட்டில் வந்து சொன்னாளாம்: “தூக்கத்துலகூட ‘தர்பூசணி, தர்பூசணி’ன்னு பொலம்புறாரு. ஆசையா வாங்கி வெட்டி வெச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு!”

போட்டிக்கு முந்தின வாரம் ஷவ்கி பாதிப் பொடியை ஒரு பையில் அள்ளிக் கட்டி ராகிப் கையில் வைத்தான். “எனக்கு இது போதும் அண்ணே.” ராகிப் வாங்கிக்கொண்டான், குடிக்கவும் செய்தான். தொடைவலி விட்டதோ என்னவோ, எரிச்சல் விடவில்லை. “பிச்சை போடுறான் பாத்தியா” என்றான் என்னிடம்.

போட்டியன்று ஸ்நாட்சில் நூற்றுப் பதினைந்து கிலோவில் தொடங்கும்படி கேப்டன் சொல்லியிருந்தார். ராகிப் கண்ணை மூடிக்கொண்டு தூக்கும் எடை அது. ஷவ்கி நூற்றிருபதில் தொடங்குகிறான் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், இவன் எடை குறிக்கும் மேசைக்கு ஓடினான்.

“எனக்கு நூத்தி இருபத்தொண்ணு போடுங்க!”

“பைத்தியமாடா உனக்கு? நூத்திப் பதினஞ்சைத் தூக்கிட்டு வா, மிச்சத்தைத் தோள்ல பாத்துக்கலாம்!” என்று கேப்டன் கத்தினார்.

“அவனுக்குக் கீழ எம்பேரு இருக்காது கேப்டன்.”

கெஞ்சியும் கேட்கவில்லை. மேடையில் ஏற்றிய எடையைக் குறைக்க விதி இடம் தராது. ஷவ்கி தன்னுடையதைத் தூக்கிவிட்டு இறங்கினான். பிறகு ராகிப்பின் மூன்று வாய்ப்புகள். முதலில் கம்பி முன்னால் விழுந்தது. அடுத்து முதுகுக்குப் பின்னால். கடைசியில் அவன் கம்பியையே பார்க்கவில்லை. ஓரத்தில் நின்ற ஷவ்கியைப் பார்த்துக்கொண்டே குனிந்தான். கம்பி முழங்காலைத் தாண்டி வரவில்லை. ஸ்நாட்சில் ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் மொத்தக் கணக்கே கிடையாது. அவன் தோள்பலம் வீணாய்ப் போயிற்று.

ஷவ்கிதான் ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதான். ராகிப் அழவில்லை.

“உண்மையச் சொல்லுடா. நீ குடிச்சதும் எனக்குக் குடுத்ததும் ஒரே பொடிதானா?”

“உங்க கண்ணு முன்னாலதானே அண்ணே அள்ளிக் கட்டினேன்?”

“மேலாப்புல அள்ளுன. சத்தெல்லாம் அடியிலல்ல தங்கும்?”

ஷவ்கி இப்போது ஆலை வாசலில் உட்கார்ந்து ஆள் வரவு பார்க்கிறான். ராகிப் மூட்டையோடு வரும்போதெல்லாம் “வாங்க அண்ணே” என்று எழுந்து நிற்கிறான். அதுவும் ராகிப்புக்குப் பிடிக்கவில்லை.