தலைவரை அழவைத்த நாவல்

போன சனிக்கிழமை ஆக்லாந்தின் பக்குரங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் அழுதார்.

யாரும் இறந்துவிடவில்லை. சங்கத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில நாவல் ஒன்றில், துணி வெளுத்துப் பிழைக்கும் ஒரு விதவை, தர்ம சூப்பை வாங்காமல் காலிக் கிண்ணத்தோடு வீட்டுக்குத் திரும்புகிறாள். அதற்காக அழுதார். இந்த உலகத்தில் பிறந்தே இராத ஒரு பெண்ணுக்காக... அறுபது வயது மனிதர்... பாக்கெட்டில் கைக்குட்டை இருப்பதை மறந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஏன் என்கிறீர்களா? முதலிலிருந்து சொல்கிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை, லைப்ரரியில் ஒரு சின்ன அறையை புக் செய்து, ஐந்து தமிழர்கள் உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். சிவநேசன் அண்ணனைக் கேட்டால் 'கதைக்கிறோம்' என்பார். யாழ்ப்பாணத்துக்காரர், சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது அவர் பொறுப்பு. படிக்காமல் வந்து பிஸ்கட்டைக் காலி செய்வது மற்றவர்கள் பொறுப்பு.

இந்த முறை அவர் எடுத்துவைத்தது எண்ணூறு பக்கம். எழுதியவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், ஏற்கெனவே படித்தவர்கள் உடனே எனக்கு மெயில் போட்டு முடிவைச் சொல்லிவிடுவீர்கள். நான் இன்னும் முந்நூறாவது பக்கத்தில்தான் இருக்கிறேன்.

தூக்கத்துக்கு உதவும் என்று நினைத்து எடுத்தவள்தான். உதவவில்லை. எல்லர்ஸ்லியில் இருக்கும் என் ஆபீஸில் லன்ச் நேரத்தில் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, பக்கத்து டெஸ்க் பெண் எனக்கு ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாக விசாரித்தாள்.

அந்தக் காலத்தில் இந்த நாவல் வாராவாரம் தொடராக வந்ததாம். வாராவாரம் இந்தப் பத்தியை எழுதும் என்னைப் போலவே அந்த மனிதருக்கும் வாரம் ஒரு டெட்லைன். வாசகர் அடுத்த வாரமும் வர வேண்டுமே... அதற்கு அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிடுகிறார். ஒருவர் பொய் சொல்லும்போது பட்டனைத் திருகுவார். ஒரு அம்மாள் எல்லோருடைய வயதையும் கேட்பார், தன் வயதைத் தவிர. ஐம்பது பக்கம் கழித்து ஒருவர் பட்டனைத் தொட்டாலே போதும், நமக்குத் தூக்கம் போய்விடுகிறது.

நாவலில் வரும் இந்த ஆட்களில் ஒருவர் சூப்புக் கூடத்தின் டிரஸ்டி. ஏழைகளுக்கு இலவச சூப். ஆனால் அவருடைய உரையைக் கேட்டு, கை கூப்பி நன்றி சொன்ன பிறகுதான் கிண்ணம் நிறையும். "என்னைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று ஆரம்பிப்பார். அடுத்த மூன்று பக்கம் அவரைப் பற்றித்தான். அவர் பேசப் பேச, ஆசிரியர் நமக்கு சூப்பைக் காட்டுகிறார். முதலில் ஆவி பறக்கிறது. பிறகு ஆவி நின்றுவிடுகிறது. பிறகு மேலே கொழுப்பு உறைகிறது. கடைசியில் ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

பணக்காரர்களுக்கு இரக்கமில்லை என்று ஒரு வரிகூட இல்லை. எதற்கு? நாய் சொல்லிவிட்டதே.

அந்த வரிசையிலிருந்துதான் விதவை விலகிப் போகிறாள்.

போன மாதக் கூட்டத்தில் இந்த இடத்தை எங்களுக்குப் படித்துக்காட்டி முடித்ததும் சிவநேசன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த டிரஸ்டி எங்கட ஆளெல்லோ" என்றார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். யார் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் சங்கத்தில் குளிர்காலத்துக்கு முன், புதிதாக வந்த மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் அடங்கிய பை கொடுக்கிறோம். நல்ல காரியம். தலைவர் கதிரேசன் தன் கையால் கொடுப்பார். "நான் விளம்பரத்துக்காகச் செய்யல" என்பார். பிறகு வாங்குகிறவரைத் தோளோடு சேர்த்துத் திருப்பி நிறுத்துவார். போட்டோ. அன்று மாலையே சங்கத்தின் ஃபேஸ்புக் பேஜில் வந்துவிடும்.

போன வருஷம் நிலானி என்ற பெண் வந்தாள். கையில் இரண்டு வயதுக் குழந்தை. முதியோர் இல்லத்தில் பகுதி நேர வேலை, மீதி நேரம் படிப்பு. கேமரா மேலே போனதும் அவள் பையைத் தரையில் வைத்தாள். "பரவாயில்லை ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"திமிரைப் பாருங்க" என்றார் தலைவர்.

இதை நினைத்துத்தான் சிரித்தோம். ஆனால் ஆக்லாந்து தமிழர்களிடையே ஒரு சிரிப்பு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? திங்கட்கிழமை காலையில் தலைவரிடமிருந்து போன்.

"என்னை வச்சு ஒரு புத்தகத்தைப் படிச்சுச் சிரிக்கிறீங்களாமே?"

"சார், அது நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்த ஆளுக்கு என்னைப் பத்தி யார் சொன்னா?"

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய விருது கிடைக்குமா?

தானே படித்துப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார். படித்தாரா என்றால், கேட்டார். அவர் வீடு வெஸ்ட்கேட் பக்கம். தினமும் மோட்டார்வே நெரிசலில் ஊர்ந்தபடி ஆடியோ புக். ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்தும் காரைவிட்டு இறங்காமல் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாராம். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று மனைவி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். "சும்மா இரு, அந்தம்மா வரிசையில நிக்கிறாங்க" என்றாராம் உள்ளிருந்து.

சனிக்கிழமை வந்தது. பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. தலைவர் உட்கார்ந்தார். விதவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குரல் உடைந்தது. அழுதார்.

"ஒரு கிண்ணம் சூப்புதானே. பேசாம ஊத்திக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். பிறகு நிமிர்ந்தார். "அந்த டிரஸ்டி யாருன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

பாவம், கண்டுபிடித்துவிட்டார்.

"ஹார்பர் பிரிட்ஜுக்கு அந்தப் பக்கம் ஒரு சங்கம் இருக்கே, அதோட தலைவர். அச்சு அசல் அவரேதான். பேச்சுகூட அதே பேச்சு."

சிவநேசன் அண்ணனுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தோம்.

தலைவர் விடவில்லை. "நாமளும் அந்த மாதிரி ஆயிடக்கூடாது. இந்த வருஷம் போட்டோ கிடையாது. முடிஞ்சா பையை வீட்டுலயே கொண்டுபோய்க் குடுத்துடுவோம்."

எத்தனை கமிட்டி மீட்டிங்கில் நடக்காத காரியம். நேருக்கு நேராகச் சொல்லியிருந்தால் சங்கம் இரண்டாக உடைந்திருக்கும். அந்த ஆங்கில எழுத்தாளர், எங்கள் தலைவரைச் சிரிக்கவைத்து, அழவைத்து, குற்றத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்து... காரியத்தை மட்டும் இந்தப் பக்கம் முடித்துக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஒரே பூரிப்பு. கார் பார்க்கில் சிவநேசன் அண்ணனிடம், "பார்த்தீங்களா, கடைசி வரைக்கும் அவருக்குத் தன்னை அடையாளம் தெரியவே இல்லை" என்றேன்.

அவர் சாவியைத் தேடிக்கொண்டே, "ஓம் தங்கச்சி" என்றார். "அந்த அத்தியாயத்தில டிரஸ்டிக்குப் பக்கத்தில ஒரு கிளார்க் நிக்கிறான். ஏழைகளின்ரை முகம் கனவான்களுக்கு வடிவாத் தெரியட்டும் எண்டு விளக்கை உயர்த்திப் பிடிக்கிறான். கவனிச்சனீங்களோ?"

"இல்லையே."

"சின்ன ஆள்தான். நாலு வரிதான் வரும்." காரைத் திறந்தார். "போன வருசம் படம் எடுத்தது ஆர்?"

இதுவரை உங்களிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. எடுத்தது நான். சங்கத்தின் போட்டோகிராபர், நான்கு வருஷமாக, நான்தான். அன்று நிலானியிடம், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று சொன்னதும் நான்தான்.

அவர் போய்விட்டார். நான் காருக்குள் உட்கார்ந்து அந்த நாலு வரியைத் தேடிப் படித்தேன். கிளார்க்குக்குப் பெயர்கூட வைக்கவில்லை, படுபாவி.

மறுநாள் நிலானியின் வீட்டுக்குப் போனேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. எதைக் கொண்டுபோனாலும் தப்பாகிவிடும் போலிருந்தது. வாசலில் நின்றே மன்னிப்புக் கேட்டேன்.

"உள்ளை வாங்கோ அக்கா, குளிருது" என்றாள். தேநீர் வைத்தாள். "படம் எடுத்ததுக்குக்கூடக் கோவமில்லை. நீங்கள் சிரிக்கச் சொன்னனீங்கள். அண்டைக்கு எனக்குச் சிரிப்பு வரேல்லை. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

பேச்சை மாற்ற நாவலைச் சொன்னேன். டிரஸ்டியை நடித்துக் காட்டினேன். நாய் வந்தபோது அவள் சத்தமாகச் சிரித்தாள். குழந்தையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. என் கைப்பையில் இருந்த நாவலை வாங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். 'அக்கா, சூப் அத்தியாயம் முடிச்சிட்டன். அந்த டிரஸ்டி பாவம். எத்தினை வருசமா சூப் குடுக்கிறார். அவர் கேக்காமலே ஒருத்தராவது நன்றி சொன்னவரோ?'

நான் முந்நூறு பக்கம் படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆளைப் பார்த்துச் சிரித்ததோடு என் படிப்பு முடிந்துவிட்டது.

மெசேஜை இரண்டு முறை கேட்டேன். பிறகு தலைவருக்கு போன் போட்டேன்.

"சார், போட்டோவை நிறுத்தினீங்களே, அதுக்கு நன்றி. இத்தனை வருஷம் பை கொடுத்தீங்களே, அதுக்கும்."

மெல்ல, "இப்படி யாரும் சொன்னதில்லம்மா" என்றார். குரல் மறுபடியும் கரகரத்தது. பிறகு, இன்னும் மெல்ல:

"நீங்க சொன்னதை நம்ம பேஜ்ல போட்டுக்கலாமா?"